டக்டேல்ஸ்: பழைய தடியா, புதிய வர்ணமா?

டிஸ்னியின் 'டக்டேல்ஸ்' கார்ட்டூனை வைத்து 1989-ல் கேப்காம் நிறுவனம் நின்டெண்டோவின் என்இஎஸ் கன்சோலுக்கு ஒரு கேம் போட்டது. 2013-ல் வேஃபார்வர்ட் நிறுவனம் அதையே புதிதாக வரைந்து 'டக்டேல்ஸ் ரீமாஸ்டர்டு' என்று கொண்டுவந்தது. கதை ஒன்றுதான். ஏற்கெனவே கோடி கோடியாகக் குவித்து வைத்திருக்கும் ஸ்க்ரூஜ் மெக்டக், அதுவும் போதாதென்று அமேசான், டிரான்சில்வேனியா, ஆப்பிரிக்கச் சுரங்கம், இமயமலை, நிலா என்று புதையல் தேடிக் கிளம்புகிறார். தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை இந்தி டப்பிங்கில் பார்த்தவர்களுக்கு இந்தக் கஞ்ச வாத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

கேமின் உயிர்நாடி அவர் கைத்தடி. எகிறிக் குதித்து, அந்தரத்தில் இருக்கும்போதே கீழ் பட்டனையும் பி பட்டனையும் சேர்த்து அழுத்தினால், தடியை ஊன்றி ஸ்பிரிங் மாதிரி துள்ளுவார். எதிரியின் தலை, முள், பெட்டி எல்லாமே துள்ளும் மேடைதான். விரல் ஒரு நொடி பிசகினால் முள்ளில் சாதாரணமாக இறங்கி உயிர்ச் சக்தி ஒரு படி குறைந்துவிடும். இமயமலைப் பனியில் துள்ளப் போனாலோ தடி புதைந்து மனிதர், சரி, வாத்து அப்படியே மாட்டிக்கொள்ளும். இந்தப் பதற்றம்தான் பழையதன் ருசி. புதியதில் ஒரே பட்டனில் துள்ளலாம். பழைய முறை வேண்டுமென்றால் செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். இந்த விஷயத்தில் புதியதைக் குறை சொல்ல மாட்டேன்.

பார்க்க என்றால் போட்டியே இல்லை. புதியதில் ஒவ்வொரு பாத்திரமும் கையால் வரைந்தது. கார்ட்டூனே ஓடுவது போல இருக்கும். ஸ்க்ரூஜுக்குக் குரல் கொடுத்தவரும் கார்ட்டூனில் பேசிய அதே ஆலன் யங். அப்போது அவருக்கு 93 வயது. கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது, முதல் அரை மணி நேரத்துக்கு.

அப்புறம்தான் வம்பு. நாலு அடி ஓடினால் நிறுத்திவைத்து வசனம் பேசுகிறார்கள். போதாததற்கு, அமேசானில் தங்கக் காசுகளைத் தேடிப் பொறுக்கிய பிறகுதான் மேற்கொண்டு வழி திறக்கும். பழையதில் வழி தெரிந்தால் லெவல் முடிவில் காத்திருக்கும் பெரிய எதிரியிடம் நேரே போய்விடலாம். எந்த லெவலை முதலில் ஆடுவது, எந்த மூலையில் வைரத்தைத் தேடுவது என்பதெல்லாம் நம் இஷ்டம். வசனத்தைத் தாண்டிப் போக முடியும்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்தி மெனுவுக்குப் போய்வர யாருக்குப் பொறுமை?

இசையில் நான் பழைய கட்சி. ஹிரோஷிகே தோனோமுரா நிலா லெவலுக்குப் போட்ட மெட்டு, என்இஎஸ்ஸின் அந்தக் கீச்சுச் சத்தத்திலேயே மனதைப் பிசையும். ஜேக் காஃப்மன் புதியதில் அதைப் பெரிதாக்கி, பளபளப்பாக்கித் தந்திருக்கிறார். நன்றாகவே இருக்கிறது, அந்த ஏக்கம்தான் இல்லை.

பழையதில் சேவ் கிடையாது. லைஃப் தீர்ந்தால் முதலிலிருந்து ஆட வேண்டும். அதற்குப் பயந்தால், 2017-ல் வந்த 'டிஸ்னி ஆஃப்டர்நூன் கலெக்‌ஷன்' தொகுப்பில் ஆடலாம்: தவறினால் சில நொடிகள் ரீவைண்டு செய்யும் வசதி உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சிறு பிள்ளைகள் இருந்தால் மட்டும் ரீமாஸ்டர்டைப் போடுங்கள். அவர்களுக்கு அந்த வசனம்தான் பிடிக்கும்.