என்னை வெளிய போகச் சொன்ன பிரதேச செயலகம்

லண்டனில இருந்து இலங்கைக்கு, ஊருக்குப் போன கதை. கட்டுநாயக்கா, இரவு பஸ், கல்லடிக் காத்து எல்லாம் வழமைதான், விடுங்க. மட்டக்களப்பில களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பிரதேச செயலகத்தில் நடந்ததை மட்டும் சொல்லுறன்.

பெரியம்மாவுக்கு முதியோர் அடையாள அட்டை எடுக்கப் போனம். 60 தாண்டினா எடுக்கலாம், அவவுக்கு 78. கிராம சேவகர் கடிதம், போட்டோ, வரிசை, தேத்தண்ணிக்குப் போன கிளாக்கர். லண்டனில கட்டில்ல கிடந்தபடி ஃபோனில முடிக்கிற வேலை எண்டு புறுபுறுத்துக்கொண்டு நிண்டன்.

உள்ள முதியோர் உரிமை உத்தியோகத்தர், ஒரு இளம் பிள்ளை. எதைக் கேட்டாலும் பெரியம்மா முதல்ல என்ர முகத்தைப் பார்த்துத்தான் மறுமொழி சொன்னா. "பென்சன் காட் ஆர்ட்ட இரிக்கம்மா?" எண்டதுக்கு மறுமொழியே இல்லை. அந்தப் பிள்ளை பேனையை வைச்சிட்டு, "அண்ணன், ஒள்ளுப்பம் வெளிய இரிங்க" எண்டுது. பிளேன் ஏறி வந்த என்னை! கதவடியில திரும்பிப் பார்த்தா, பெரியம்மாட கதிரையை வாசலுக்கு முதுகு காட்டத் திருப்பிப் போடுது. கண்ணாடிட ஒடிஞ்ச காலில சுத்தியிருந்த நூலைத் தொட்டு, எப்ப உடைஞ்சதெண்டு கேக்குது.

முக்கால் மணித்தியாலம் வாங்கில இருந்தன். என்ன கதைச்சீங்க எண்டு கேட்டா, "அதை அம்மாட்டக் கேளுங்க."

ஆட்டோவிலதான் பெரியம்மா வாய் திறந்தா. காட் அவட மருமகன், எங்கட அத்தான்ட கையில. காசு கேட்டா ஏச்சு. கண்ணாடிக்கு "மறுகா பாப்பம்". வாட்சப்பில நாங்க கேக்கேக்க "சுகமா இரிக்கன் மனே" எண்டுதானே சொல்லுவா, ஃபோனைப் பிடிக்கிறதும் அதே கைதான். நம்மட பக்கம் வீடு பொம்புளப் பிள்ளைக்குச் சீதனம். சீவிய உரித்து, அதாவது சாகும்வரை அந்த வீட்டில இருக்கிற உரிமை, வைக்காம உறுதி முடிச்ச தாய்க்கு, தான் கட்டின வீட்டிலேயே குரல் இல்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, பார்க்காத பிள்ளைகளிட்டப் பராமரிப்புச் செலவு கேட்டு முதியோருக்கான பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். அடி உதை எண்டா 2005 வீட்டு வன்முறைச் சட்டம் தாய் தகப்பனுக்கும் பொருந்தும். இதையெல்லாம் அந்தப் பிள்ளை சொல்லியிருக்கு. பெரியம்மா, "பெத்த புள்ளைய வழக்குக்கு இழுக்கவா?" எண்டிட்டா. வற்புறுத்தவில்லையாம். பேங்குக்குப் போய் காட்டை மட்டும் நிப்பாட்டச் சொல்லி அனுப்பியிருக்கு.

இங்கிலாந்தில பராமரிப்புத் தேவைப்படுற, தன்னைத் தானே காப்பாத்த ஏலாத முதியவரைக் கொடுமைப்படுத்துறாங்க எண்டு நியாயமான சந்தேகம் வந்தா கவுன்சில் விசாரிக்கவேணும், 2014 பராமரிப்புச் சட்டம் அப்பிடி. படிவமும் உண்டு, பயிற்சியும் உண்டு. ஆனா கூட்டிக்கொண்டு போன ஆளையே எழுப்பி வெளிய விட்டதை நான் அங்க கண்டதில்லை.

பழைய காட் அண்டைக்கே நிண்டுது. இரவு அத்தான் என்னோட முகம் குடுத்துக் கதைக்கவில்லை. உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்ப்பாவாம். என்ன தேதியெண்டு பெரியம்மாவுக்குத் தெரியும், எனக்குச் சொல்லமாட்டாவாம்.