வெந்நீர் முறையா, குறைநீர் முறையா? குமரி மாவட்டத்தில் சோபா, தரைவிரிப்புத் தூய்மைப் பணியின் செலவுக் கணக்கு

நாகர்கோவிலை மையமாகக் கொண்டு சோபா, தரைவிரிப்பு, மெத்தை ஆகியவற்றைத் தூய்மை செய்து தரும் சிறு தொழிலைத் தொடங்குவோர், இயந்திரத்தின் விலையையும் ரசாயனத்தின் விலையையும்தான் முதலில் ஒப்பிடுகிறார்கள். ஆனால் இம்மாவட்டத்தில் ஒவ்வொரு வேலையிலும் லாபத்தைக் கரைப்பவை, துணி உலர்வதற்கு ஆகும் நேரமும் அதனால் நேரும் இரண்டாம் பயணமுமே என்பது என் உறுதியான கருத்து.

வெந்நீர் முறையில், சோப்புக் கரைசல் கலந்த சூடான நீரைத் துணிக்குள் பீய்ச்சி, உடனே அழுக்கோடு உறிஞ்சி எடுக்கிறார்கள். குறைநீர் முறையிலோ, சிறிதளவே தெளிக்கப்படும் பாலிமர் கரைசல் அழுக்கைச் சுற்றி உலர்ந்து துகளாகிறது. பிறகு வாக்குவம் கிளீனர் அதை எடுத்துவிடுகிறது. இக்கரைசலின் லிட்டர் விலை அதிகம் என்றாலும், செலவாகும் அளவு குறைவு என்பதால், ரசாயனத்தை மட்டும் வைத்து இரண்டில் எது மலிவு என்று முடிவு கட்டுவதில் பயனில்லை.

மின்சாரத்தைப் பாருங்கள். ஒரு கூடத்துத் தரைவிரிப்புக்கும் சோபாவுக்குமாக 40 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 1.4 யூனிட் போதும். அதே வேலையை உலர்த்த 750 வாட் ப்ளோயர் ஒன்றை ஆறு மணி நேரம் ஓட்டினால் 4.5 யூனிட் ஆகிறது. அதாவது, சூடாக்குவதைவிட உலர்த்துவதற்கு மூன்று மடங்குக்கும் மேல் மின்சாரம் தேவைப்படுகிறது. வாடிக்கையாளரின் மின்சாரம்தானே என்று இதை ஒதுக்கினாலும், ப்ளோயரை மீட்டுவர மறுபடியும் போயாக வேண்டும். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி சுமார் 20 கிலோமீட்டர். போய்வர 40 கிலோமீட்டர் என்றால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் சிறிய வேனுக்கு இரண்டரை லிட்டருக்கு மேல் டீசல் கூடுதலாகச் செலவாகும். ஆளை அங்கேயே காத்திருக்க வைத்தால் அது கூலிக் கணக்கில் ஏறும். குறைநீர் முறையில் ஓரிரு மணி நேரத்தில் துணி உலர்ந்துவிடுவதால், கடைசி வாக்குவம் வேலையையும் முடித்துக்கொண்டே கிளம்பலாம்.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் காற்றே ஈரமாக இருக்கும்போது, வெந்நீரில் நனைந்த மெத்தை மறுநாளும் உலராமல் கிடந்து பூஞ்சை வாடை அடித்தால், அந்த வேலையைக் கட்டணமின்றித் திரும்பச் செய்ய நேரிடும். கார்த்திகையில் தொடங்கும் சபரிமலை சீசனில் கன்னியாகுமரி லாட்ஜ்கள் ஓர் அறையை அரை நாள் பூட்டி வைக்கவும் தயங்கும். அப்போது குறைநீர் முறையைத் தவிர வேறு வழி சரிப்படாது.

இருப்பினும் குறைநீர் முறையை மட்டும் நம்பித் தொழில் நடத்துவது நீண்ட நாள் தாங்காது. கடலில் குளித்துவிட்டு வருபவர்கள் அமரும் இருக்கைகளில் உப்பு ஏறியிருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை ஈர்த்துக் கசியும். துணி பிசுபிசுத்து, அழுக்கு மீண்டும் விரைவில் ஒட்டும். உப்பு கரைந்து வெளியேற வேண்டுமானால் அலசியே ஆக வேண்டும், அலசல் வெந்நீர் முறையில்தான் உண்டு. அதிலும் கடலோரக் கிணற்றின் உப்பு நீரைப் பயன்படுத்தினால் அலசியதே வீண். நல்ல தண்ணீரைக் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். 40 லிட்டர் என்றால் 40 கிலோ சுமை, அதையும் லிஃப்ட் இல்லாத மாடிக்கு ஏற்றுவதற்கு ஓர் ஆள் கூடுதலாக வேண்டும். இந்தக் கூலியை மதிப்பீட்டில் சேர்க்காமல் விட்டுவிடுவது பரவலாகக் காணப்படும் தவறு. நல்ல தண்ணீரால் ஹீட்டரிலும் பம்பிலும் உப்புப் படிவது குறைந்து பழுதுச் செலவும் இறங்கும்.

கையால் நுரை தேய்க்கும் பழைய ஷாம்பு முறைக்கு முதலீடு மிகக் குறைவு. ஆனால் துணியில் தங்கும் சோப்புப் பிசுக்கு அழுக்கை இழுப்பதால், வாடிக்கையாளர் இரண்டாம் முறை அழைப்பது அரிது.

ஆகவே, இரண்டு இயந்திரங்களில் ஒன்றைத்தான் இப்போது வாங்க முடியும் என்பவருக்கு, தக்கலை, மார்த்தாண்டம் போன்ற உள்பகுதி வீடுகளே பெரும்பான்மை வாடிக்கை என்றால், குறைநீர்க் கருவியையே முதலில் பரிந்துரைப்பேன். கடலோர லாட்ஜ்களை நம்பி இறங்குபவர் வெந்நீர் இயந்திரத்தையும் விரைவில் சேர்த்துக்கொண்டு, ஆழமான அலசலைப் பிப்ரவரி, மார்ச் போன்ற மழை குறைந்த மாதங்களுக்கு ஆண்டு ஒப்பந்தமாகவே பேசி வைப்பது நல்லது. மழைக்காலத்தில் வெந்நீர் வேலையைக் கேட்பவர்களிடம் உலர்த்துவதற்கும் மறுபயணத்துக்கும் தனிக் கட்டணத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.