"பதிவாளர் ஐயாவின் ஆள்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கோயா பக்கம் பத்து பேர்ச்சஸ் காணி வாங்கி வீடு கட்டி, நொத்தாரிசிடம் மரணசாசனமும் (உயில்) எழுதி வைத்திருந்தார். கருமாதி முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனேன். எந்த நீதிமன்றம் என்று எழுதவில்லை. பிழை உள்ளே இருந்தவர்கள் மேல் இல்லை.

எதிரே தேத்தண்ணிக் கடையில் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். "தம்பி, மரணசாசனக் கேஸா? உள்ளே எல்லாம் சிங்களத்தில்தான் நடக்கும், அலைய விட்டுருவாங்க. நான் பதிவாளர் ஐயாவோட ஆள். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் காணி உங்க பேருக்கு." 45,000 ரூபாய் கேட்டார். கொடுத்தேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம், மரணசாசனத்தின் மூலப் பிரதியையும் கொடுத்தேன்.

அப்புறம் மூன்று மாதம். ஐயா லீவு, ஐயா கொழும்பில் கூட்டம், ஐயாவுக்கு மாமியார் செத்துட்டாங்க. கடைசியில் துண்டுக் கடதாசியில் ஒரு வழக்கு இலக்கம் எழுதித் தந்தார். அதோடு நேரே நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்துக்குள் போனேன். அந்த இலக்கம் யாரோ ஒருவரின் கடன் வழக்கு. பதிவாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தது ஓர் அம்மா! "ஐயா"வே கிடையாது.

திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். மனுக்களை ஏற்பது, இலக்கம் போடுவது, மரணசாசனத்தையும் கோவைகளையும் பத்திரமாக வைத்திருப்பது, அலுவலகத்தை நடத்துவது, இவைதான் அவர் வேலை. சொத்து யாருக்கு என்பது நீதிபதியின் கட்டளை. அதற்கு முன் பத்திரிகையில் அறிவித்தல் வர வேண்டும், ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்ல அவகாசம் வேண்டும். "நான் நினைத்தாலும் அவசரப்படுத்த முடியாது" என்றார். மரணசாசனத்தின் மூலப் பிரதி கையில் இருப்பவர் அதை நீதிமன்றத்தில்தான் ஒப்படைக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது எனக்கு வியர்த்துவிட்டது.

பொலிஸில் முறைப்பாடு செய்த பிறகு மரணசாசனம் திரும்பி வந்தது, நாலாய் மடித்து, ஓரத்தில் தேத்தண்ணிக் கறையோடு. காசு வரவில்லை.

இப்போது ஒரு சட்டத்தரணி மூலம் வழக்குப் போட்டிருக்கிறேன். கட்டிய காசுக்கெல்லாம் ரசீது இருக்கிறது. வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுப் பாருங்கள். உள்ளே இருப்பவரே கை நீட்டினால் அது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் விஷயம், 1954க்கு அழைக்கலாம். நீதிமன்ற ஊழியர்கள் மேல் ஒழுக்காற்று நடவடிக்கை எடுப்பது நீதிச்சேவை ஆணைக்குழு, அங்கேயும் எழுதலாம்.

போன கிழமை தவணைக்குப் போனபோது அந்த ஆள் அதே கடையில்தான் இருந்தார். பொகவந்தலாவை பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு பாட்டிக்கு பிளேன்டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாட்டியின் மடியில் ஒரு பழுப்பு உறை. நானும் அந்த மேசையிலேயே போய் உட்கார்ந்தேன்.