ஷெவெலுக்கு 15 அங்குலமா, 17 அங்குலமா?

நான் வாங்கிய 1970 ஷெவர்லே ஷெவெல் மாலிபுவின் பின் டயரில், ரிம்மை ஒட்டி, கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி நான்கு இலக்கங்கள் இருந்தன: 2312. அதாவது 2012-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். நான் வண்டியை வாங்கியது 2021-இல். பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடுகள்) என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஒரு சென்ட் நாணயத்தைப் பட்டன் இடுக்கில் தலைகீழாக விட்டுப் பார்த்தேன், அதிலுள்ள லிங்கனின் நெற்றி முழுக்க உள்ளே போய்விட்டது. ஆனால் பட்டன்களுக்கு நடுவே மயிரிழை போல விரிசல்கள் ஓடின. விற்றவர் "டயரெல்லாம் புதுசு மாதிரி" என்று சொன்னதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஓடவே இல்லை, வயது மட்டும் ஆகிவிட்டது.

சரி, நான்கையும் மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றுவதென்றால் வண்டியோடு வந்த 17 அங்குல ரிம்மிலேயே மாற்றுவதா, இல்லை 15-க்கு இறங்குவதா? டெட்ராய்ட் பக்கம் பழைய கார் வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும் இதற்கு உறுதியான பதில் ஒன்று கிடைக்கும். இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு உறுதியான பதில்கள். நான் 15-க்கு இறங்கினேன். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

14 அங்குலத்தை இங்கே பெரிதாகப் பேசப்போவதில்லை. மாலிபு தொழிற்சாலையிலிருந்து வந்தது அதில்தான். கண்காட்சியில் மார்க் போட ஆள் வருவார் என்றால், அல்லது வண்டி எண்கள் எல்லாம் பொருந்திய அசல் எஸ்எஸ் (ஷெவெலின் வேகப் பதிப்பு) என்றால், 14-ஐ விட்டு நகர வேண்டாம். 20 அங்குலத்தையும் விட்டுவிடலாம். அது கண்ணுக்குப் பிடிக்கிறதா என்ற கேள்வி மட்டும்தான், எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் காலத்து மசில் கார்களின் (பெரிய எஞ்சின் போட்ட அமெரிக்க வேகக் கார்களின்) வேடிக்கையே டயரில்தான் இருக்கிறது. 1964 போன்டியாக் ஜிடிஓவில் 389 கன அங்குல எஞ்சின், மூன்று கார்புரேட்டரோடு வாங்கினால் 348 குதிரைத்திறன். அதைத் தரையில் இறக்கக் கொடுத்ததோ 14 அங்குல ரிம்மில் 7.50 அங்குல டயர். இன்றைய சாதாரணக் குடும்ப கார் கூட அதைவிட அகலமான டயரில் ஓடுகிறது. 1960-களின் கடைசியில் எஃப்70-14 போன்ற அகல டயர்கள் வந்தன. 1971-இல் ஷெவெல் எஸ்எஸ் 15க்கு 7 அங்குல (விட்டம் 15, அகலம் 7) ரிம்முக்கும் எஃப்60-15 டயருக்கும் மாறியது. அதனால் 15 அங்குலம் இந்த வண்டிக்கு அந்நியமான அளவு இல்லை. ஒரு வருடம் தள்ளிப் பிறந்திருந்தால், அதுவும் எஸ்எஸ்-ஆகப் பிறந்திருந்தால், என் வண்டியே அதில்தான் வந்திருக்கும்.

அளவுகளைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. ரிம் பெரிதானால் சக்கரம் பெரிதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 255/60-15 டயரை எடுத்துக்கொள்ளுங்கள். 255 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அதில் 60 சதவீதம் ரப்பர் பக்கச்சுவரின் உயரம், 153 மில்லிமீட்டர், அது மேலும் கீழுமாக இரண்டு முறை, அதோடு 15 அங்குல ரிம்முக்கு 381 மி.மீ. மொத்தம் 687 மி.மீ., அதாவது 27 அங்குலம். 255/50-17 போட்டுப் பாருங்கள், அதே 687. 255/45-18? அதுவும் 687. மொத்த உயரம் மாறவில்லை. ரப்பர் குறைந்து அந்த இடத்தில் உலோகம் வருகிறது, அவ்வளவுதான்.

என் வண்டியில் இந்தக் கணக்கைப் போடாமலே யாரோ மாட்டியிருந்தார்கள். முன்னால் 245/45-17, பின்னால் 275/40-17. இரண்டுமே ஏறத்தாழ 25.7 அங்குல உயரம்தான். அகலம் இருந்தது, உயரம் இல்லை. பக்கத்திலிருந்து பார்த்தால் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி, வீல் ஆர்ச்சுக்குள் சக்கரம் தொலைந்து கிடந்தது. நெடுஞ்சாலையில் இன்னொரு தொல்லை. என் வண்டியின் பின் அச்சு 3.36 விகிதம், கியர்பாக்ஸ் மூன்று கியர் மட்டும் உள்ள டர்போ 350, ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) கிடையாது. மணிக்கு 65 மைலில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,850 சுற்றை ஒட்டி இரைந்துகொண்டிருக்கும். 27 அங்குல டயருக்கு மாறியதும் அது 2,700 ஆனது. 150 சுற்று பெரிதா என்று கேட்பீர்கள். ஒரு மணி நேரம் அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்து பாருங்கள்.

17-இன் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், அது உண்மையான நியாயம். முதலாவது பிரேக். அசல் முன் டிஸ்க் 11 அங்குலம். 13 அங்குல டிஸ்க்கும் அதற்கான பெரிய காலிபரும் (டிஸ்க்கைப் பிடிக்கும் கவ்வி) வேண்டுமென்றால் 15 அங்குல ரிம்முக்குள் அவை நுழையாது. இரண்டாவது, ரப்பரின் குணம். 15-இல் கிடைக்கும் வெள்ளை எழுத்து டயர்கள் நீண்ட நாள் உழைக்கச் செய்தவை, தேய்மான எண் 400-ஐ ஒட்டி இருக்கும், வேகத் தரம் எஸ் அல்லது டி. அதாவது மணிக்கு 180, 190 கி.மீ. வரை. 17, 18-இல் தேய்மான எண் 200 உள்ள, தார்ச்சாலையில் பசை போல ஒட்டுகிற டயர்கள் கிடைக்கும். வளைவில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 17-இல் வண்டி ஸ்டீயரிங் திருப்பிய உடனே திரும்பியது. இப்போது முதலில் யோசிக்கிறது, அப்புறம் திரும்புகிறது. அலைன்மென்ட் செய்தபோது காஸ்டர் கோணத்தை (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) அசல் அளவில் வைக்காமல், இன்றைய ரேடியல் டயருக்கு ஏற்றபடி பாசிட்டிவ் பக்கம் தள்ளச் சொன்னேன். அசல் அளவு அந்தக் காலத்து பயஸ் டயருக்குப் போட்டது. அதற்குப் பிறகு நேர்ச்சாலையில் அலைவது நன்றாகக் குறைந்தது.

ஆனால் நான் ஓட்டுவது மிச்சிகனில். இங்கே குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் தார்ச்சாலைக்குள் உறைந்து, உருகி, மறுபடி உறையும். ஏப்ரலில் வண்டியை வெளியே எடுக்கும்போது சாலை பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். அந்த 40, 45 சீரிஸ் டயர்களில் பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவே இருப்பது 110 மி.மீ. ரப்பர். வாங்கிய முதல் வசந்தத்திலேயே முன் ரிம் ஒன்று கோட்டம் விழுந்தது. இப்போது முன்னால் இருக்கும் 235/60-15-இல் 141 மி.மீ. இருக்கிறது. போன வாரமும் ஒரு பள்ளத்தில் விட்டேன், பல் கடித்தேன், ஒன்றும் ஆகவில்லை.

இதெல்லாம் இருக்கட்டும். என் முடிவைத் தீர்மானித்தது அந்த 2312 என்ற எண்தான்.

இந்த வண்டி வருடத்துக்கு 1,500 மைல் ஓடினால் அதிகம். நவம்பரில் மூடி வைத்தால் ஏப்ரலில்தான் திறப்பு. இப்படி ஓடுகிற வண்டியின் டயர் ஒருநாளும் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் சாகிறது. ஆறு வருடத்தில் மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்கள் இருக்கின்றன, பத்தைத் தாண்டக் கூடாது என்கிறார்கள் டயர் செய்பவர்கள். நடுவில் ஏழோ எட்டோ என்று வைத்துக்கொண்டால், ரிம் வாங்குவது ஒரு முறை, டயர் வாங்குவது எட்டு வருடத்துக்கு ஒரு முறை. அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி, இன்று எந்த அளவில் நல்ல டயர் இருக்கிறது என்பது இல்லை. எட்டு வருடம் கழித்து, பதினாறு வருடம் கழித்து, அந்த அளவை யார் செய்துகொண்டிருப்பார்கள் என்பதுதான்.

275/40-17-ஐத் தேடிப் போனபோது இது உறைத்தது. அந்த அளவு எங்கிருந்து வந்தது? 1988-இல் கார்வெட்டில் வந்தது, 1990-களின் பிற்பாதியில் கமாரோ எஸ்எஸ்-இல் இருந்தது. 245/45-17 கார்வெட்டின் முன்சக்கரத்தில் 2004 வரை இருந்தது, 1994-க்குப் பிந்தைய மஸ்டாங் ஜிடியிலும் கிடைத்தது. அந்தக் காலத்தில் பழைய கார்க்காரர்கள் எல்லோரும் இந்த அளவுகளைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். கார்வெட் 2005-இல் 18, 19-க்குப் போனது, இப்போது 19, 20-இல் நிற்கிறது. கடன் கொடுத்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டார். நான் தேடியபோது பின்சக்கர அளவில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை ரேஸ் மைதானத்துக்கான டயர்கள், மற்றவை பெயர் தெரியாதவை.

15-இன் கதை நேர்மாறானது. 235/60-15, 255/60-15, 275/60-15 என்ற அளவுகளை இன்றைய புதிய கார்கள் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் என்னைப் போன்ற பழைய வண்டிக்காரர்கள்தான். பிஎஃப் குட்ரிச்சின் ரேடியல் டி/ஏ, கூப்பரின் கோப்ரா இரண்டும் இந்த மூன்று அளவிலும் வருவது எங்களை நம்பித்தான். ஷெவெல், கமாரோ, நோவா, மஸ்டாங், சேலஞ்சர் எல்லாம் ஓடுகிற வரை இந்தச் சந்தை தானாகவே உயிரோடு இருக்கும். மாடல் மாறியது என்று யாரும் இதைக் கைவிடப்போவதில்லை, அந்தக் காலத்து வண்டிகள் இனி மாறப்போவதில்லை.

இதற்கு எதிர்வாதம் இருக்கிறது, நானே சொல்கிறேன். தேர்வு குறைவு. ஏறக்குறைய ஒரே ரகத்தில் இரண்டு மூன்று டயர்கள், அவ்வளவுதான். நாளை அவற்றில் ஒன்று நின்றுபோனால் என் வாதம் பாதி சாய்ந்துவிடும். 17-இலும் எல்லா அளவும் கடன் அளவு இல்லை. 235/55-17 இன்னும் குடும்ப கார்கள் பலவற்றில் ஓடுகிறது, உயரமும் 27 அங்குலத்தை ஒட்டி வரும். 17-தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் அந்த மாதிரி அளவாகப் பார்த்து முதலில் டயரைத் தேர்ந்தெடுங்கள், ரிம்மை அப்புறம் வாங்குங்கள். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நான் மாட்டியது: முன்னால் 15க்கு 7 ராலி ரிம், 4.25 அங்குல பேக்ஸ்பேஸிங். பின்னால் 15க்கு 8, 4.5 அங்குலம். பேக்ஸ்பேஸிங் என்பது ரிம்மின் உள்விளிம்பிலிருந்து அச்சில் உட்காரும் முகம் வரையான தூரம். அகலத்தைவிட இதுதான் வம்பு. ரிம்மின் 8 அங்குலம் என்பது டயர் உட்காரும் இடத்தின் அளவு, விளிம்போடு அளந்தால் 9 வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அளந்து ஒரு நாளை வீணாக்கினேன். உரசுகிறதா என்று பார்க்க மகளின் விளையாட்டு மாவைக் கொஞ்சம் திருடி, பின் ஃபெண்டரின் உள்மடிப்பில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒட்டினேன். டிக்கியில் நான்கு மூட்டை உப்பை ஏற்றி, வீட்டு வாசல் மேட்டில் ஏறி இறங்கினேன். வலப்பக்க மாவு அப்படியே இருந்தது. இடப்பக்கத்தில் டயரின் தடம் லேசாகப் பதிந்திருந்தது. இந்த வண்டிகளில் இடமும் வலமும் கால் அங்குலம் வித்தியாசப்படுவது சகஜம். அதனால்தான் பின்னால் 275-க்குப் போகாமல் 255-இல் நின்றேன். 275 போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மடிப்பைத் தட்டி மடக்கியிருப்பார்கள் அல்லது அவர்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கும்.

இது முழுக்க ஒரு ஷெவெலின் அனுபவம். கமாரோவுக்கும் ரிம்மை மாட்ட இதே 5 நட், அவை உட்காரும் வட்டம் இதே 4.75 அங்குலம்தான் என்றாலும் ஃபெண்டருக்குள் இடம் வேறு. மஸ்டாங்கில் வட்டமே 4.5. கிரைஸ்லர் வண்டிகளைப் பற்றி எனக்கு எதுவும் சொல்லத் தகுதியில்லை. ஓட்டுநர் பக்கத்து நட்டு தலைகீழ் மரை, வலப்புறம் திருப்பினால்தான் கழலும் என்று தெரியாமல் நண்பருடைய பழைய டாட்ஜில் தொங்கியது மட்டும்தான் என் அனுபவம். ரேஸ் மைதானத்தில் ஓட்டியதில்லை. மலைப்பாதையிலிருந்து முழு வேகத்தில் இறங்கியதில்லை. அப்படி ஓட்டுகிறவர் பிரேக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அவருக்கு என் கணக்கு பொருந்தாது.

எனக்கே ஒருநாள் 13 அங்குல டிஸ்க் ஆசை வரலாம். கோட்டம் எடுத்த ஒன்றையும் சேர்த்து அந்த 17 அங்குல ரிம் நான்கும் கராஜ் பரணில் பழைய போர்வையில் சுற்றிக் கிடக்கின்றன. அதை எப்போது விற்கப்போகிறீர்கள் என்று மனைவி மாதம் ஒருமுறை கேட்கிறாள். விலை வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.