சூடு தரும் ஏசி: மூன்று வருஷம், ஒரு நட்டு

"மலையில போய் ஏசி மாட்டியிருக்கான் பாரு" என்று மூன்று வருஷமாக என்னைக் கேலி செய்த நண்பன், போன வாரம் சேலம் கோரிமேட்டில் இருந்து போன் செய்தான். ஏற்காட்டில் மகளுக்கு வீடு கட்டி முடித்திருக்கிறான். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆனதில் ஹாட் அண்ட் கோல்ட் ஏசியும் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டான். அவன் கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் மூன்றாவது ரிப்பேருக்குப் பணம் எண்ணிக் கொடுத்திருந்தேன். போனில் நான் பேசியதை விட்டுவிடலாம். கொஞ்சம் ஆறின பிறகு எழுதுவது இது.

எங்கள் வீடு ஏற்காட்டில் நாகலூர் போகிற சாலையில் இருக்கிறது. கருங்கல் சுவர், ஓட்டுக்கூரை. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றதும் சேலத்து வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிட்டோம். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை 10, 12 டிகிரிக்கு வரும். வீட்டுக்காரிக்கு மூட்டுவலி. முதலில் எண்ணெய் ஹீட்டர்தான் வைத்திருந்தோம். சப் மீட்டர் போட்டுப் பார்த்ததில் ஒரு ராத்திரிக்கு 11 யூனிட் குடித்தது. 2022 நவம்பரில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி, உள்ளே சுற்றிச் சூட்டைச் சுமக்கிற கேஸ் ஆர்-32, சூடும் குளிரும் தருவது ஒன்றை வாங்கினேன். அதே அறை, அதே ராத்திரி நேரம், 4 யூனிட்டில் முடிகிறது. வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை உள்ளே தூக்கி வருகிற வேலைக்குத்தான் கரண்ட் செலவு. அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை, பாடமாக நடத்தியதுதான்.

நான் எதிர்பார்க்காதது பீரோ. மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், மழைக்காலம் முடிவதற்குள் பட்டுப்புடவையில் பூஞ்சணம் பூத்துவிடும், தீக்குச்சி நமுத்துப்போகும், புத்தக அட்டை பலகாரம் மாதிரி உப்பிவிடும். இந்த மிஷின் ஓடுகிற அறையில் மட்டும் அதெல்லாம் நின்றுபோனது. இப்போது வீட்டில் இருக்கிற அத்தனை பட்டும் அந்த ஒரு அறைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. என் சட்டைகளுக்கு இடமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மிஷினில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அதை மாட்டியதில்தான் எல்லா வினையும்.

கடையில் இருந்து அனுப்பிய பையன் பைக்கில் வந்தான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவன் பைப்புக்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கிற வேக்யூம் பம்ப்பைத் தூக்கி வரவில்லை. அது கனம்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஒன்றரை அடி கருங்கல் சுவரில் ஓட்டை போடவே மதியம் ஆகிவிட்டது. காப்பர் பைப் இரண்டையும் வளைத்து, முனையை விரித்து, நட்டு மாட்டுவதற்கு முன்னால் டீ குடிக்கப் போனான். பைப் முனைகள் திறந்தபடி வராந்தாவில் கிடந்தன. வெளியே பத்தடியில் இருக்கிற சில்வர் ஓக் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். அந்த ஈரக்காற்று அரை மணி நேரம் பைப்புக்குள் போய் உட்கார்ந்தது.

திரும்பி வந்து நட்டை முறுக்கினான். கடைசியில் வெளி யூனிட்டின் வால்வைக் கொஞ்சம் திறந்து, மறுமுனையில் நட்டைத் தளர்த்தி, 'புஸ்' என்று நாலு செகண்ட் கேஸை விட்டு இறுக்கிவிட்டான். "காத்து எல்லாம் போயிடுச்சு சார்" என்றான். காற்று போயிருக்கலாம், செம்புச் சுவரில் ஒட்டியிருக்கிற ஈரம் அப்படிப் போகாது. கம்ப்ரஸரில் இருக்கிற எண்ணெய் ஈரத்தை உறிஞ்சுகிற ஜாதி, அப்புறம் அது அமிலமாகிக் கம்ப்ரஸரையே அரிக்கும். வெளியே விட்டதோ தொழிற்சாலையில் கிராம் கணக்கில் எடை போட்டு அடைத்த கேஸ். ஒரு கிலோ ஆர்-32 வெளியே போனால் அது 675 கிலோ கார்பன் டை ஆக்சைடு செய்கிற சூட்டைப் பூமிக்குச் செய்யும். இதெல்லாம் தெரிந்த வாத்தியார் அன்றைக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பையனுக்கு முறுக்கு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் குளிர்காலம் சொர்க்கம். 2024 ஜனவரியில் காற்று வெதுவெதுப்பாகத்தான் வந்தது. ஆள் வந்தான், கேஸ் குறைந்திருக்கிறது என்றான், ஏற்றினான், பணம் வாங்கினான். கேஸ் பெட்ரோல் இல்லையே, ஓடினால் தீருவதற்கு! மூடின பைப்புக்குள் சுற்றுகிற பொருள் எங்கே போச்சு என்று கேட்டேன். "குறையும் சார், வருஷத்துக்கு ஒருக்கா போட்டுக்கணும்." இந்தப் பதிலை நான் மூன்று பேரிடம் கேட்டுவிட்டேன்.

2024 டிசம்பரில் மறுபடியும் அதே கதை. இந்த முறை வந்த தம்பி நல்ல உழைப்பாளி, பம்ப்பைச் சுமந்தே வந்தான். இருந்த கேஸை வெளியேற்றிவிட்டு வேக்யூம் போட்டான். கேஜின் முள் 25-க்குப் போய் நின்றுவிட்டது. "29, 30 வரணும் சார். வரமாட்டேங்குது. பம்ப்பு வீக்கா, லைன்ல லீக்கா தெரியல" என்று வியர்த்துப்போனான், அந்தக் குளிரில். பாவமாக இருந்தது. பம்ப்பில் ஒன்றுமே இல்லை. அந்த முள் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட உள்ளே எவ்வளவு குறைவு என்பதை. சேலத்தில் காற்றழுத்தம் 29 அங்குலப் பாதரசம். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏற்காட்டில் மொத்தமே 25 அங்குலம்தான். இல்லாத நாலு அங்குலத்தை எந்தப் பம்ப் உறிஞ்சும்? வீட்டுக்காரி சோறு வேக நேரமாகிறது என்று குக்கரைத் திட்டுவதும் இதே கணக்குதான். மைக்ரான் கேஜ் என்று ஒன்று உண்டு, உள்ளே மிச்சம் இருக்கிற அழுத்தத்தை நேராக அளப்பது, அது மலையானாலும் தரையானாலும் ஒன்றே காட்டும், 500 மைக்ரானுக்குக் கீழே போய் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். அவனிடம் அது இல்லை. நான் போர்டு இல்லாமல் பாடம் நடத்தினேன். தலையாட்டிவிட்டு கேஸை ஏற்றிப் போனான். லீக் அப்படியே இருந்தது.

ஏன் இரண்டு முறையும் அகப்படவில்லை என்பது இந்த நவம்பரில்தான் புரிந்தது. சேலத்தில் இருந்து ஒரு பெரியவர் வந்தார், குளிர்பதனக் கிடங்குகளில் வேலை பார்த்தவர். மிஷினைத் தொடுவதற்கு முன்னால் அவர் கேட்டது ஒரே கேள்வி: "வாத்தியாரய்யா, இதைச் சூட்டுல ஓட்டுறீங்களா, குளிர்லயா?" சூட்டில் என்றேன். "அதான்" என்றார்.

சேலத்துக்காரர்கள் ஏசியைக் குளிருக்கு ஓட்டுகிறவர்கள். அப்போது தடித்த பைப்பில் கேஸ் திரும்பி வருகிற அழுத்தம் 120, 130 பிஎஸ்ஐ. சூட்டுக்கு மாற்றினால் வெளி யூனிட்டில் இருக்கிற நாலுவழி வால்வு திரும்பி, அதே தடித்த பைப்பில் கம்ப்ரஸரின் முழு அழுத்தமும் உள்ளே வருகிறது, 350 வாக்கில். கூடவே செம்பு சூடாகி விரிவதும், நிறுத்தினால் சுருங்குவதும். அடிவாரத்தில் பத்து வருஷம் தாங்குகிற ஜாயின்ட், இங்கே ஒரு வருஷத்தில் மெல்ல மூச்சு விட ஆரம்பிக்கும். வேக்யூம் போடும்போது வெளிக்காற்று தள்ளுவதோ 12 பிஎஸ்ஐ வாக்கில்தான், அதில் இந்த லீக் எப்படித் தெரியும்?

மிஷினைச் சூட்டில் ஓடவிட்டு, சோப்பு நுரையைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு நட்டாகத் தடவினார். வெளியே இரண்டும் சுத்தம். உள்ளே, இண்டோர் யூனிட்டுக்குப் பின்னால் டேப் சுற்றி மறைத்திருந்த அரை இஞ்சு நட்டில் தடவிவிட்டு டார்ச்சைப் பிடிக்கச் சொன்னார். கடுகளவு குமிழி ஒன்று வந்தது. உடைந்தது. பத்து எண்ணுவதற்குள் இன்னொன்று. மூன்று வருஷம் நான் தண்டம் கட்டியது அந்தக் கடுகுக்கு.

நட்டைக் கழற்றி விரித்த முனையைக் காட்டினார். அறுத்த பிசிறை எடுக்காமலே விரித்திருக்கிறார்கள், உள்விளிம்பில் நகம் கீறின மாதிரி ஒரு கோடு. அதை மறைக்க ஸ்பேனரில் பலம் கொண்ட மட்டும் முறுக்கியதில் செம்பு ஒரு பக்கம் மெலிந்து பிளேடாகிவிட்டது. அவர் அதை வெட்டி, பிசிறெடுத்து, புதிதாக விரித்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, எவ்வளவு பலத்தில் முறுக்குகிறோம் என்று அளந்து சொல்கிற டார்க் ரெஞ்சை எடுத்தார். அரை இஞ்சு நட்டுக்கு 50-இல் இருந்து 60 நியூட்டன் மீட்டர், கால் இஞ்சுக்கு 14-இல் இருந்து 18. 'டிக்' என்றதும் கையை எடுத்துவிட்டார்.

இன்னும் லீக் இருக்கிறதா என்று பார்க்க, பைப்புக்குள் நைட்ரஜனை 450 பிஎஸ்ஐக்கு ஏற்றி ராத்திரி முழுக்க விட்டுவைத்தார். விடிந்ததும் போய்ப் பார்த்தால் முள் 435. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவரை எழுப்பப் போனவன் பாதியில் நின்று மனக்கணக்குப் போட்டேன்: சாயங்காலம் 24 டிகிரி, இப்போது 14. குறைந்தது குளிருக்குத்தான். வெயில் ஏறினதும் முள்ளும் ஏறியது. அப்புறம் முக்கால் மணி நேரம் வேக்யூம், ஸ்டிக்கரில் போட்டிருக்கிற கிராமைத் தராசில் நிறுத்து கேஸ். பில்லைப் பார்த்து மூச்சடைத்தது உண்மை. அந்த வேலைக்கு அது அதிகமில்லை என்பதும் உண்மை.

மற்ற தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குரங்குகள் பைப்பின் வெள்ளை ஃபோமைப் பிய்த்துத் தின்று பார்க்கும், பிவிசி குழாய்க்குள் பைப்பை விட்டால்தான் தப்பும். இரண்டு பைப்புக்கும் தனித்தனியாக ஃபோம் வேண்டும், சேர்த்துச் சுற்றினால் ஒன்றின் சூட்டை மற்றது தின்றுவிடும். கரண்ட் போய்ப் போய் வந்தாலும் இதுவரை மிஷினின் சர்க்யூட் போர்டு போகவில்லை. சூட்டில் ஓடும்போது தண்ணீர் சொட்டுவது வெளி யூனிட். அதன் அடியில் தண்ணீரைக் குழாய்க்குத் திருப்ப மாட்ட வேண்டிய எல்போவை அந்த முதல் பையன் மாட்டவே இல்லை. பின்வாசல் படி பாசி பிடித்து நான் ஒருமுறை சறுக்கி உட்கார்ந்தேன். எல்போ போன மாதம்தான் கிடைத்தது, ரிமோட் வந்த கவருக்குள்.

கடும் குளிரில் வெளி யூனிட்டின் கம்பிகளில் உறைபனி படிந்தால் மிஷின் தானே அதை உருக்கிக்கொள்ளும். அப்போது ஃபேன் நின்று, பெட்டியில் இருந்து ஆவி குபுகுபுவென்று எழும். ஒருநாள் விடியற்காலை பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரர் கதவை இடித்தார். "சார், பெட்டி பொகையுதுங்க!" கையில் ஒரு வாளித் தண்ணீர். ஊற்றாமல் கேட்டாரே என்று காபி போட்டுக் கொடுத்தேன்.

இப்போது நண்பனுக்கு. மிஷின் அருமை. கரண்ட் செலவு பாதிக்கும் கீழே. என் வீட்டுக்காரி காலையில் மாடிப்படி இறங்குவது இதனால்தான். ஆனாலும் வாங்காதேடா. நீ அவசரக்காரன். மாட்ட வருகிறவன் மூன்று மணிக்கு முடித்துத் தருகிறேன் என்றால் சந்தோஷப்படுவாய், நைட்ரஜன் போட்டு ராத்திரி விட்டுவைக்கச் சொல்ல உனக்கு வாய் வராது. உன் மகளுக்கு அதே எண்ணெய் ஹீட்டர் போதும், என்னுடையது பரணில்தான் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ. இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் அந்தப் பெரியவர் நம்பர் தருகிறேன். அவர் தேதி கொடுக்கிற வரைக்கும் பெட்டியைப் பிரிக்காதே.