அப்பாவின் நித்திரைக்கு வெளிச்சப் பெட்டி: இரண்டு வருடம் கடந்த பிறகு

அப்பா அந்தக் காலத்து இராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவர். எண்பதைத் தாண்டிய பிறகு இரவு ஏழு மணிக்கே கதிரையில் தூங்கி விழுவார். விடியப்புறம் இரண்டு, மூன்று மணிக்கு எழும்பி இருட்டில் நடப்பார். ஒருமுறை குளியலறை வாசலில் விழுந்தும் விட்டார்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டைச் சுற்றி மாடிக் கட்டடங்கள் எழும்பியதால் பகலிலும் ஹால் மங்கல்தான். வெளியே மப்பு வானத்திலும் பல ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும், வீட்டுக்குள் சில நூறுகூடத் தேறாது. வயது போகப் போகக் கண் வில்லை மஞ்சளாகி, எப்போது தூங்குவது, எப்போது எழும்புவது என்று நடத்தும் உடம்புக் கடிகாரத்தைத் திருத்துகிற நீல ஒளியையும் மறிக்கும்.

கண் வைத்தியரிடம் காட்டி, முதியோர் வைத்தியரிடமும் கேட்டுத்தான் 10,000 லக்ஸில் பளிச்சென்று எரியும் விளக்கான இந்த வெளிச்சப் பெட்டியை எடுத்தோம். காலையில் போடச் சொல்லித்தான் பலரும் சொல்வார்கள். காலை வெளிச்சம் நித்திரை நேரத்தை முன்னுக்கு இழுக்கும். பிந்தித் தூங்குகிறவர்களுக்கு அது சரி. அப்பாவைப் போல முந்தித் தூங்கி முந்தி எழும்புகிறவருக்குப் பின்னேர வெளிச்சம்தான் வேணும் என்றார் வைத்தியர். அதனால் பின்னேரம் ஆறரைக்குப் பெட்டியைச் சற்றுப் பக்கவாட்டில் வைப்போம். அப்பா வீரகேசரிப் பத்திரிகையை மடித்துப் பிடித்து மரண அறிவித்தல் பக்கத்திலிருந்து தொடங்குவார். விளக்கை நேரே பார்க்கத் தேவையில்லை, ஆனால் பெட்டியில் குறித்திருக்கிற தூரத்துக்குள் இருக்க வேணும். தள்ளி வைத்தால் வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும்.

தொடக்கத்தில் தலையிடி வந்தது. நேரத்தைக் குறைத்து மெல்லக் கூட்டினோம். பிறகு நித்திரை ஒன்பதரைக்குத் தள்ளிப் போனது, எழும்புவது ஐந்தை ஒட்டி வந்தது. எனக்கு இதுவே பெரிய விஷயம். பகலில் தூங்கி வழியாததால் பொல்லை ஊன்றி மரீன் டிரைவ் வரை நடக்கிறார், கதிரையிலிருந்து எழும்பி மறுபடி உட்காரும் பயிற்சியும் செய்கிறார். கால் பலப்பட்டது அந்த நடையாலும் பயிற்சியாலும்தான், வெளிச்சத்தால் அல்ல.

அப்பாவுக்கு இருக்கிற மறதி மட்டும் அப்படியேதான். நெதர்லாந்து முதியோர் இல்லங்களில் பகல் முழுக்கப் பளிச்சென்று விளக்கு எரித்துச் செய்த ஆய்வு 2008இல் வந்தது. அதிலும் நினைவாற்றலுக்குக் கிடைத்த பலன் சிறியதுதான். மறதிக்காக மட்டும் இதை வாங்காதீர்கள்.

விழித்திரை நோய், இருமுனை மனநோய், தோலை வெயிலுக்குக் கூச வைக்கும் மருந்துகள் இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டு வந்தால் வோல்ட்டேஜையும் பாருங்கள், இங்கே 230.