தனுஷ்கோடிக் கரையில் கேமரா நடை: எந்த மாதம், எந்தப் பக்கம்

மனசு இறுகிக் கிடக்கும்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு நடக்க ராமநாதபுரம் கரையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அரியமான் உண்டு, குந்துகால் உண்டு. ஆனால் படத்துக்குத் தீனி அதிகம் தனுஷ்கோடியில்தான். அமைதிக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம், வசதிக்கு இரண்டுதான். நிழல் என்பதே கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

நேரே நிலம் முடியும் அரிச்சல்முனைக்குப் போகாதீர்கள். 2017இல் சாலை அதுவரை நீண்டதிலிருந்து, விடுமுறை நாளில் அங்கே ஹாரனும் செல்ஃபி கூட்டமும்தான். அதற்குச் சுமார் 5 கி.மீ. முன்பே, பழைய ஊரில் இறங்கிவிடுங்கள். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த சர்ச்சின் சுவர் பவளக்கல்லால் ஆனது. மாலை நான்கு மணிக்கு மேல் சாய்வெயில் பட்டால் கல்லின் ஒவ்வொரு துளையும் எழுந்து நிற்கும். உச்சிவெயிலில் அதே சுவர் சப்பென்று இருக்கும். அங்கிருந்து கரையோரமாக ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பினால் தாராளம்.

எந்தக் கரை என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல் என்பார்கள். மே முதல் செப்டம்பர் வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் தெற்குக் கரை கொந்தளிக்கும், மணல் முழங்கால் உயரத்துக்குப் பறக்கும். அப்போது வடக்குப் பக்கம் நடங்கள். வாடை வீசும் ஐப்பசி முதல் தை வரை நிலைமை தலைகீழ். பெண் கடல்தான் சீறும். இரண்டும் அடங்கியிருக்கும் பிப்ரவரி, மார்ச்தான் நல்ல காலம். எந்த மாதமானாலும் முனையருகே நீரோட்டம் பொல்லாதது. படத்துக்காகக்கூட இடுப்பளவு தண்ணீரில் இறங்கக் கூடாது.

வெண்மணலைக் கண்டால் கேமரா ஏமாறும். படம் மங்கிச் சாம்பலாக வரும்; எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +0.7 அல்லது +1 ஏற்றுங்கள். அலை பஞ்சு போலக் கரைந்து தெரிய அரை விநாடி ஷட்டர் போதும், ஆனால் ட்ரைபாட் காலை மணலில் நன்றாக அழுத்தி நட வேண்டும். இல்லையென்றால் அலை வாங்கும்போது அடிமணல் நழுவிச் சாயும். கரையில் லென்ஸ் மாற்றவே கூடாது. லென்ஸில் உப்புத்துளி பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புப் பொடி கோடு போட்டுவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணியால் ஒற்றுங்கள். ஏசி அறையிலிருந்து வருகிறவர்கள் கேமராவை அரை மணி நேரம் பையிலேயே விட வேண்டும். உடனே வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஆவி படியும். மொபைல்காரர்களுக்கு இதில் பாதித் தொல்லை இல்லை!

இறுக்கம் தளர வேண்டுமென்றால் மொபைலை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். ஒரு நடைக்கு 36 படம், அந்தக் காலத்து ஒரு ரோல் கணக்கு. எடுத்த படத்தை அங்கேயே திரையில் பார்க்க வேண்டாம். பார்க்க ஆரம்பித்தால் கண் கடலை விட்டுவிடும், அப்புறம் அதுவும் ஒரு ஆபீஸ் வேலை.

கரைவலை இழுப்பவர்களை எடுக்கும் முன், "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிடுங்கள். வலைக்கயிற்றுக்கு உள்பக்கம் நிற்கக் கூடாது. கோதண்டராமர் கோவில் பக்கத்து நீர்ப்பரப்பில் குளிர்காலத்தில் பூநாரைகள் (ஃபிளமிங்கோ) இறங்கும். 2025இல் அரசு தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. தூரத்தை இழுத்துக் காட்டும் 300 மி.மீ. லென்ஸ் இல்லாவிட்டால் ஆசையை விட்டுவிடுங்கள். கிட்டே போனால் பறவையும் பறக்கும், காலும் சேற்றில் புதையும். செத்த பவளமானாலும் பொறுக்காதீர்கள், வனத்துறை வழக்குப் போடும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இது எல்லையோரம், உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளமும் இருக்கிறது.

இருட்டுவதற்கு முன்பே போலீஸ் ஆட்களைக் கிளப்பிவிடும். ஆகவே அஸ்தமனப் படத்துக்குத் தனுஷ்கோடியை நம்பாமல், பாம்பன் பக்கம் வந்துவிடுவது புத்திசாலித்தனம்.